வாய் இல்லாத இறகு

அன்று பூசை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி நல்லபெருமாள், அவன் மனைவி செண்பகவடிவு, கல்லைப் பார்க்க வந்த நிலவியல் பேராசிரியை அருள்மங்கை. எங்கள் வீட்டுக்கு இறகுக்காரர் வீடு என்று பெயர். குலதெய்வத்தின் இறகு பதிந்த கல் எங்களிடம் இருப்பதால்தான் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை எங்களுக்கு. ஆண்டுதோறும் ஆடி வெள்ளியில் அதற்குப் பொங்கல் படைப்போம். அன்றும் படைத்திருந்தோம்.

பேராசிரியை உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது இறகு இல்ல, இலையும் இல்ல. ஐம்பத்தஞ்சு கோடி வருசத்துக்கு முன்னால கடலடியில நின்ன உயிர். அப்ப பறவையே கிடையாது."

"வாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். படைக்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

"வாயே இல்லீங்க. தண்ணியில வர்றத உடம்பாலயே உறிஞ்சியிருக்கும்னு நினைக்கிறோம்."

"ஏழு தலைமுறையா வாயில்லாததுக்கா பொங்கல் வச்சோம்?" என்றான் தம்பி.

"அதான் ஒரு வருசமும் உப்பில்லன்னு சொல்லல" என்றாள் செண்பகவடிவு.

"இதுக்கு முன்னால யாரு?" என்றேன்.

"இவ்வளவு பெரிய உடம்போட யாரும் இருந்த மாதிரி தெரியலைங்க."

உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கிளைக்குள்ளும் அதே போன்ற சிறு கிளைகள் இருந்தன. அவற்றுக்குள்ளும் அதே வடிவம். பொங்கல் ஆறும்வரை பார்த்தேன்.

"அண்ணே, வெளிய தெரிஞ்சா முதல் மரியாதை போயிரும்" என்று தம்பி காதருகே சொன்னான்.

"முதல்ல வந்ததுக்குத்தானடா முதல் மரியாதை."

இறகு இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் படையலை நிறுத்திவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சொம்பு கடல்நீரும் வைக்கிறோம்.