மருதாசலத்தின் கொழுப்பு

"மூணு மாசமா இந்த மனுசனுக்கு எண்ணெயைக் கண்ணுலயே காட்டலீங்க. அப்புறம் எப்படிங்க கொழுப்பு கூடும்?"

கந்தம்மாள் டாக்டர் அறிவுச்செல்வியை மடக்கினாள். அவர் லேப்பில் இருந்து வந்த ரிசல்ட்டை மறுபடியும் பார்த்தார். போன தடவையே அதிகம். இந்தத் தடவை அதையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது.

"வெளியில எங்கயாவது சாப்பிடறாருங்களா?"

"எங்கீங்க போவாரு? ஊட்டை உட்டா கோழிப்பண்ணை, பண்ணையை உட்டா ஊடு!"

அவள் புருசன் மருதாசலம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகனூர்ப் பக்கம் பெரிய முட்டைக்கோழிப் பண்ணைக்காரர். தடுப்பூசி நாளில் ஆட்களை நம்பாமல், தானே கோழியைப் பிடித்துச் சரக் சரக்கென்று குத்தித் தள்ளுவார். அப்பேர்ப்பட்ட மனுசர் இப்போது சட்டைக்குள் தேடினால்தான் கிடைப்பார் என்கிற மாதிரி இளைத்துக் கிடந்தார்.

பத்தியம் அப்படி! முதல் ரிசல்ட் வந்த அன்றைக்கே கந்தம்மாள் எண்ணெய்த் தூக்கைப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். அவருக்குத் தாளிக்காத சட்னி, ஆவியில் வெந்த கத்திரிக்காய், முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். அவள் என்ன செய்வாள், பாவம்! மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. மகள் மோனிஷாவுக்குத் தை மாசம் கல்யாணம். மணவறையில் அப்பன் நிற்க வேண்டாமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் சமைத்தாள்.

அதற்காகப் பண்டத்தைக் குப்பையில் கொட்ட மனசு வருமா? மிஞ்சின மஞ்சள் கருவை நெய்யில் பொரித்து, ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்புக் கறியையும் வறுத்து, டப்பா டப்பாவாக டிரைவர் காளியப்பனுக்குக் கொடுத்துவிடுவாள். நல்ல மனுசன். விடியக்காலையில் அவரை லேப்புக்குக் கூட்டிப்போய் வந்த அன்றைக்கு, பசி தாங்காமல் அவன் இட்லியை அள்ளி அள்ளி முழுங்கியதை அவள் மறக்கவில்லை.

"ஏனுங்க, திருட்டுத்தனமாத் திங்கறீங்களா? மோனிஷா மேல சத்தியமாச் சொல்லுங்க!"

"சத்தியமா இல்ல அம்மிணி. நீ போடறதைத் தவிர ஒரு கடலைமுட்டாயி கூடத் தொடல." மருதாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். "லேப்புலதான் ஏதோ குளறுபடின்னு நெனைக்கிறேன். இங்கயே என் கண்ணு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். வெறும் வயிறா இருக்கீங்களா?"

"மூணு மாசமா வெறும் வயிறுதானுங்க."

நர்ஸ் வெண்ணிலா ஊசியைப் பிரித்தாள். மருதாசலத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "அம்மிணி... காளியப்பனை வரச் சொல்லு..." என்று முனகிக்கொண்டே நாற்காலியில் இருந்து வழிந்து தரையில் சரிந்தார்.

"அய்யய்யோ, நெஞ்சு வலி! காளியப்பா, ஓடியா!" கந்தம்மாள் போட்ட கூச்சல் வாசல் வரைக்கும் கேட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்த காளியப்பன், தரையில் கிடந்த முதலாளியைப் பார்த்தான். நர்ஸ் கையில் இருந்த ஊசியையும் பார்த்தான். அவன் பதறவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, டாக்டரின் மேசை மேல் தன் கையை நீட்டினான்.

"பயப்படாதீங்கக்கா. ஊசியைக் கண்டா அண்ணன் எப்பவுமே இப்படித்தான். லேப்புல ரெண்டு வாட்டியும் நான்தானுங்க ரத்தம் குடுத்தேன். ஆனா இன்னிக்கு, நீங்க குடுத்த மஞ்சக்கருப் பொரியலை இப்பத்தான் வழிச்சுத் தின்னேன், பரவாயில்லீங்களா?"