இடது பின்சக்கரம்

“படியில தொங்குறவங்களையும் சேர்க்கணும் சார்.”

கேட்டுவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து மேசை மும்தாஜ் அக்கா சொல்லிவைத்ததுதான். “எதை வேணா கேளு. எடையை மட்டும் கேக்காத. அது மேலேர்ந்து வரும்.”

மேலதிகாரி ஜெயசீலன் சார் தன் அறைக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

டவுன் பஸ்ஸின் இடது பின்சக்கரம் அதில் உருண்டுகொண்டிருந்தது. ரப்பரும் இல்லை, ரோடும் இல்லை. எல்லாம் கணக்கு. அவ்வளவு பெரிய பஸ்ஸில் ஒரு டயர் தரையைத் தொடுவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான். கம்பெனி கொடுத்த எடையில் டயர் நீலமாகவே உருண்டது.

அவள் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள்.

டயரின் ஓரம் மஞ்சளானது. பிறகு சிவந்தது.

“இவ்வளவு எடையில எந்த பஸ்ஸும்மா ஓடுது?”

“எங்க பஸ் சார்.”

அவள் படித்த காலத்தில், காலேஜ் நேரத்துத் துறையூர் பஸ். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட். கால் வைக்கிற இடம் மேடு, முட்டி தாடையில் இடிக்கும். யாரும் உட்கார மாட்டார்கள். அதனாலேயே அது அவளுடையது.

பள்ளம் வந்தால் டிரைவருக்கு அடுத்து அவளுக்குத்தான் தெரியும்.

பின்படியில் பையன்கள் கொத்தாகத் தொங்குவார்கள். பஸ் இடது பக்கம் சாய்ந்தபடியே போகும். பைகள் ஜன்னல் வழியாக அவள் மடிக்கு வரும். ஒன்றின் மேல் ஒன்றாக, முகம் மறைகிற வரை. டிபன் பாக்ஸ்களின் சூடு தொடையில் இறங்கும். எலுமிச்சைச் சாதம். கருவாடு. மழைக்காலத்தில் ஈரப் புத்தக வாசனை.

முதல் பை எப்போதும் சுருளியுடையது. அவன் பெயர் அதுவல்ல. முடி அப்படி.

“நசுக்கிறாதக்கா, உள்ள அவிச்ச முட்டை இருக்கு.”

அவளைவிட மூத்தவன். அக்காவாம்.

“அடகாத்துத் தர்றேன், போடா.”

படி முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். பஸ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது போலிருந்தது.

காலேஜில் என்ன படித்தாள் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். அந்தப் பஸ்ஸைக் கேட்டால் யோசிக்க வேண்டாம்.

ஒரு நாள் அவள் சீட்டுக்கு அடியில் டயர் வெடித்தது.

பஸ் நின்ற பிறகு ஒவ்வொருத்தனாக ஜன்னலுக்கு வந்தான். பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தான்.

ஒன்று மடியிலேயே இருந்தது.

முட்டை நசுங்கவில்லை.

ஜெயசீலன் சார் எண்ணைப் பழையபடி மாற்றினார். டயர் நீலமானது.

கெட்டவர் இல்லை. இன்டர்வியூவில் இவளைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான்.

“உங்க வீட்ல நீதாம்மா முதல் டிகிரி. பார்த்து நடந்துக்க.”

முதல் டிகிரி. அதைச் சொல்லித்தான் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அதையே சொல்லித்தான் எல்லோரும் வாயை மூடச் சொன்னார்கள்.

அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். டயர் தாங்கும் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அது இல்லாமல் அறிக்கை போகாது.

“தொங்குறவன்லாம் கணக்குல வரமாட்டாம்மா. அவன் டிக்கெட்டே எடுக்கறதில்ல.”

“பாஸ் வச்சிருந்தான் சார்.”

“யாரு?”

அந்தப் பையின் முன்பக்க ஜிப்புக்குள். பிளாஸ்டிக் உறையில். போட்டோவில்கூட முடி அடங்கவில்லை.

அவள் கையை நீட்டி எண்ணை மறுபடி மாற்றினாள். டயர் சிவக்க ஆரம்பித்தது. அவர் நீட்டிய பேனாவை மூடி, அறிக்கையின் மேல் வைத்தாள்.

வெளியே அவள் மேசை துடைத்துவைத்தது போல் கிடந்தது. டம்ளர், குடை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் காலையிலேயே பையில் போட்டுவிட்டிருந்தாள்.

பை இவ்வளவு நேரமும் அவள் மடியில்தான் இருந்தது.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.