டோக்கன் இல்லாத குடைக்காரர்

"சார், உங்க டோக்கன் எத்தனை?"

"டோக்கனெல்லாம் இல்லம்மா."

"டோக்கன் இல்லாம முதல் நாற்காலியில எப்படி உட்கார்ந்தீங்க?"

"முழங்காலை மடக்கித்தான்" என்றார் குடைக்காரர், சிரிக்காமல்.

கேட்டவர் தையல்காரம்மா. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் லூபஸ் வியாதி வந்து ஒன்பது வருடமாகிறது. அந்த ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் அவருக்குத் தெரியாமல் ஒரு ஈகூட வரிசை மாறி உட்கார முடியாது. குடைக்காரரோ புது முகம். வெளியே மழைக்கான அறிகுறியே இல்லை. ஆனாலும் மனிதர் ஆள் உயரக் கறுப்புக் குடையும் மடியில் ஒரு துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தார்.

"பத்து மணி டாக்டர் இப்பத்தான் உள்ள போயிருக்காங்க, மணி பதினொண்ணு" என்று தையல்காரம்மா அடுத்த வழக்கை எடுத்தார். "நல்லாத் தூங்கி எழுந்து வர்றாங்க போல. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு. இந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கினா மட்டும் சத்தம் போடத் தெரியுது."

"தூக்கம் உடம்புக்கு நல்லதுதானே" என்றார் குடைக்காரர்.

ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தும், ஜன்னல் ஓர இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் உள்ளே விழுந்தது. அதிலிருந்து தப்பி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தாள் ஒரு பெண். பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில். மூக்கின் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்து, இரு கன்னங்களிலும் சிறகை விரித்தாற்போல் சிவப்பு. வியாதியின் பெயர் போன வாரம்தான் தெரிந்தது. கையில் ஒரு கவர்.

"அது என்ன டீச்சர், ரிப்போர்ட்டா?"

"ராஜினாமா கடிதம் அக்கா. வெயில் ஆகாதுன்னுட்டாங்க. வெயில்ல நிக்காத விளையாட்டு டீச்சர் எங்கேயாவது உண்டா? இன்னிக்கு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு, கொடுத்துடப் போறேன்."

"வெயிலை விடுங்க. எனக்குக் காலையில விரலே மடங்காது. ஊசியில நூல் கோக்க அரை மணி நேரம் ஆகும்."

"எங்க வீட்டம்மாவுக்குப் பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பிடிக்கவே ஒரு மணி நேரம்" என்றார் குடைக்காரர்.

தையல்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாதியில் அவரை யாரும் முந்தியதில்லை.

"எனக்குத் தலைமுடி பாதி கொட்டிப் போச்சு."

"அவளுக்கு முழுசாப் போச்சு. திரும்பி வந்தப்போ சுருட்டையா வந்தது. போனது என்னவோ நேர் முடி. யார் தலைக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துச்சோ."

"எனக்கு நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கிட்டு, மூச்சை இழுத்தாலே குத்துச்சு."

"அவளுக்குச் சிறுநீரகம். கால் ரெண்டும் தலையணையா வீங்கிடும். சில்லுன்னு தண்ணி பட்டா விரலெல்லாம் வெள்ளையாகும், அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு. கொடியேத்தற மாதிரி ஒவ்வொண்ணா மாறும்."

தையல்காரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒன்பது வருடத்தில் முதல் தோல்வி.

டீச்சருக்குக் கன்னத்துச் சிவப்பே வெளுத்துவிடும் போலிருந்தது. "பாவம் சார் அவங்க. படுத்த படுக்கையா?"

"யாரு, அவளா? காலையில என்னைச் சத்தம் போட்டு எழுப்பிட்டு வேலைக்குப் போயாச்சு. இருபத்திரண்டு வருஷமாப் போறா. நாள் பூரா ஊராரை அதட்டற வேலை."

"நானும் அதட்டற வேலைதான்" என்றாள் டீச்சர், விசிலைத் தடவிக்கொண்டே.

"அவ்வளவுதாம்மா. உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். திருடனைப் பிடிக்க வேண்டியவன், புத்தி பிசகி வீட்டுக்காரியையே போட்டு அடிக்கிறான். அவனை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது, நிஜத் திருடன் வந்துடுவான். மாத்திரையைக் கொடுத்து அடக்கி வச்சுக்கிட்டு நம்ம வேலையைப் பார்க்கணும். எங்க வீட்டம்மா இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவா."

"நம்பாதீங்க டீச்சர்" என்று தையல்காரம்மா மீண்டு வந்தார். "இத்தனை வியாதியோட ஒருத்தி வேலைக்குப் போறாளாம். நமக்கு இங்க உட்கார்ந்து எழுந்திருக்கவே முடியல. டோக்கன் இல்லாம உள்ள நுழையறதுக்கு இப்படி ஒரு கதை!"

"முதல் டோக்கன்!" என்று குரல் கொடுத்தார் நர்ஸ்.

குடைக்காரர் பையோடு எழுந்து நேராகக் கதவை நோக்கி நடந்தார். தையல்காரம்மா பாய்ந்து குடையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மடங்காத விரல்கள் அன்று நன்றாகவே மடங்கின.

"எங்க சார் போறீங்க? முதல்ல அந்த வீட்டம்மாவைக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் போகலாம்!"

கதவு திறந்தது. முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக டாக்டர் சுருட்டைத் தலையை வெளியே நீட்டினார்.

"என்னங்க, என் மாத்திரை டப்பாவையும் வெயில் குடையையும் கொண்டு வந்தீங்களா? காலையில இந்த விரல் மடங்கறதுக்குள்ள மணி பத்தரை ஆயிடுச்சு, அந்த அவசரத்துல மறந்துட்டேன்" என்றவர், டீச்சரின் கவரைப் பார்த்தார். "அது என்னம்மா, ராஜினாமாவா? அந்த ஜன்னல் இடுக்குல வெயில் வருது பாரு, அதை நாலா மடிச்சு அங்க செருகிட்டு உள்ள வா."