குண்டு விழுந்த கடைத்தெரு

“அணுகுண்டு விழுந்து ஒரு மாசம்! ஊரில ஒரு உயிர் மிச்சமில்லை! அங்க ஆரப்பா நிண்டு வெண்டிக்காய் முறிச்சுப் பாக்கிறது?”

இயக்குநர் இராகுலன் போட்ட சத்தத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடிக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. வெண்டிக்காய் வாங்க வந்த பெண் கமராவைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தாள்.

மூன்று நாட்களாக இதே கூத்துத்தான். தொலைக்காட்சி நாடகத்தின் கடைசிக் காட்சி அது. அணுப்போரில் உயிர் தப்பிய ஒரே பெண், வெறிச்சோடிய தெருவில் தனியாக நடந்து வர வேண்டும். இந்தத் தெரு எங்கே வெறிச்சோடுகிறது? ஓட்டோ போனால் சைக்கிள், சைக்கிள் போனால் பாட்டோடு ஐஸ்கிரீம் வான். நாளைக்குள் முடிக்காவிட்டால் நாடகத்தை ஒளிபரப்பவே மாட்டோம் என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு. இராகுலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாட்வெயார் கடை ஸெய்னுதீன் ஹாஜியாரிடம் ஓடினார்.

“ஹாஜியார், ஒரேயொரு மணித்தியாலம் எல்லாரும் கடையைப் பூட்டித் தாங்கோவன். நீங்கள் சொன்னாக் கேப்பினம்.”

“கொரோனாவுக்குப் பூட்டினதே காணும் தம்பி. உங்கட குண்டுக்கெல்லாம் பூட்ட ஏலாது.”

“பொய்க் குண்டுதானே ஹாஜியார்!”

“அப்ப என்னத்துக்குப் பூட்டுற?”

படப்பிடிப்புக்கு உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனிக்கும் உப்புவெளிக்காரி சோபனாதான் இராகுலனைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தாள்.

“கதிரையில இருங்கோ சேர். பிளேன்ரீ ஒண்டு குடியுங்கோ. நாளைக்குக் காலம தெரு உங்கட கையில.”

“எப்பிடி?”

“அது என்ர பொறுப்பு. இந்த ஊர்ச் சனத்தை எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலை இராகுலனால் தன் கண்களையே நம்ப முடியவில்லை. அத்தனை கடைகளும் பூட்டு. ஓட்டோ இல்லை, சைக்கிள் இல்லை, ஈ காக்கை இல்லை. வழக்கமாக ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு மட்டும் நடுத்தெருவில் ஆறுதலாக நின்றன. நடிகை தர்சிகா கிழிந்த சட்டையோடு நடந்து வந்தாள். ஒரே தடவையில் காட்சி முடிந்தது.

“கட்! அருமை! நாடகம் தப்பிட்டுது!” இராகுலன் துள்ளிக் குதித்தார். “சோபனா, எத்தினை பேரின்ர காலில விழுந்தீங்களோ! எங்க ஹாஜியார்? வீடு வீடாப் போய் எல்லாருக்கும் நன்றி சொல்லோணும்.”

“ஐயையோ, அந்த வேலை மட்டும் வேண்டாம் சேர்! சாமானை ஏத்துங்கோ, கெதியா வெளிக்கிடுவம்.”

“இதென்ன மரியாதை இல்லாத கதை?” என்று கடைப்பக்கம் நடந்தார். வாசலில் ஒரு மான் துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்றது. விளையாட்டாக அதன் வாயிலிருந்து இழுத்தெடுத்துப் படித்தவரின் முகம் கறுத்துவிட்டது.

‘எமது கடைத்தெருவைச் சுடுகாடாகக் காட்டும் தொலைக்காட்சி நாடகத்தைக் கண்டித்து இன்று பூரண கடையடைப்பு!’

“எங்களுக்கு எதிராயோ? எந்த விசர் இதை அடிச்சுக் குடுத்தது?”

“கத்தாதேங்கோ சேர்” என்றாள் சோபனா. “நாடகத்துக்கெண்டு கேட்டா ஒரு மணித்தியாலமும் தராத சனம், நாடகத்துக்கு எதிரா எண்டா ஒரு நாளே தரும். ஆர் கூப்பிட்ட கடையடைப்பெண்டும் கேக்காது. அடிச்சுக் குடுத்த விசர் நான்தான்.”