மாஸ்டரின் கத்திரி

"ஏம்மா நொட்டாங்கை! இது கோட்டுக்குக் கையா, இல்ல தலையணை உறையா?"

கட்டிங் மாஸ்டர் அவள் இடது கையால் வெட்டிய துணியை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அவள் இந்தத் தையல் கடையில் சேர்ந்து ஆறு நாள். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் முதலாளி சேர்த்திருந்தார். ஏற்கெனவே மூன்று கடை மாறியாகிவிட்டது. இதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தைக் காட்டுவது?

"சாக்பீஸ் கோடே தெரிய மாட்டேங்குது மாஸ்டர். கத்திரி மறைக்குது."

"கை கோணலா இருந்தா கத்திரி என்ன பண்ணும்? நாளைக்கு ஒரு நாள்தான் உனக்கு."

சொல்லிவிட்டுக் கட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டும்போது பக்கத்தில் ஆள் நின்றால் அவருக்குக் கவனம் சிதறுமாம்.

"அதென்னக்கா நொட்டாங்கை?" என்று பட்டன் தைக்கும் அக்காவிடம் கேட்டாள். "சின்ன வயசிலேருந்து திட்டு வாங்கறேன். யாரும் அர்த்தம் சொன்னதில்லை."

"எதைத் தொட்டாலும் நொட்டை சொல்ல வைக்குதுல்ல, அதான்."

"அதெல்லாம் இல்ல" என்றார் இஸ்திரி போடுகிறவர். "எல்லா வேலையும் சோத்தாங்கை செய்யுது, நீ என்னத்த நொட்டறேன்னு எவனோ கேட்டிருப்பான். அப்படியே பேரா நின்னுடுச்சு. பீச்சாங்கைன்னு சொல்லாம விட்டாங்களேன்னு சந்தோஷப்படு!"

"வேணும்னா மாஸ்டரோட கத்திரியைக் கேட்டுப் பாரேன்" என்றாள் அக்கா. மறுபடியும் ஒரே சிரிப்பு.

மாஸ்டர் தன் கத்திரியை யாரையும் தொட விடமாட்டார். ஒருமுறை இஸ்திரிக்காரர் திருட்டுத்தனமாக எடுத்து வெட்டிப் பார்த்தார். அது துணியைக் கடித்துக் குதறிவிட்டது. அந்தக் கத்திரி மாஸ்டருக்கு மட்டும்தான் கட்டுப்படும் என்று அன்றிலிருந்து பேச்சு.

மறுநாள் மத்தியானம் அவள் கோடு போட்ட கடைசித் துணியை மாஸ்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டு கட்டிங் அறைக்குப் போனாள். மாஸ்டர் கை கழுவப் போயிருந்தார். மேஜையில் அந்தக் கத்திரி.

எப்படியும் போகப் போகிற வேலைதானே. எடுத்தாள்.

இடது கட்டைவிரல் வளையத்துக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கோடு கண்ணுக்கு நேரே தெரிந்தது. கோட்டுக் கையின் வளைவு முழுக்க ஒரே ஓட்டம். ஒரு பிசிறு இல்லை.

"கீழ வை அதை!"

வாசலில் மாஸ்டர். அவள் வைக்கவில்லை. கத்திரியைத் திருப்பிப் பார்த்தாள். மேலே இருக்க வேண்டிய அலகு கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் இருந்தன.

"மாஸ்டர்... இது இடது கைக்காரங்க கத்திரி."

அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. நான் தொழில் கத்துக்கிட்ட இடத்தில என்னை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. முப்பது வருஷமா கதவைச் சாத்திட்டுத்தான் வெட்டறேன். நீ வந்ததும், அந்தப் பேரை உன் தலையில கட்டிட்டா என் கையை எவனும் பார்க்க மாட்டான்னு..."

"அதுக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா மாஸ்டர்?"

மாஸ்டர் அவள் வெட்டிய துணியை எடுத்து ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

வெளியிலிருந்து அக்காவின் குரல். "என்ன மாஸ்டர்? நொட்டாங்கை இன்னைக்கும் துணியைக் கெடுத்துட்டாளா?"

மாஸ்டர் கதவை அகலமாகத் திறந்துவைத்தார். கத்திரியை இடது கையில் மாட்டி, அத்தனை பேரும் பார்க்க, அடுத்த துணியைச் சரசரவென்று வெட்டினார்.

"எந்த நொட்டாங்கையைக் கேக்கறே?"