முப்பதுக்கு முப்பது

முப்பது தாள் கொடுத்தாள். முப்பதும் தலையில் மஞ்சளோடு திரும்பி வந்தன.

ஹட்டோரி மசாயோ தாள்கட்டை மேஜைமேல் போட்டாள். போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை மிகுரியா தலையைத் தூக்கினார்.

"இன்னைக்கும் முழுசாவா, ஹட்டோரி சான்?"

"ஒண்ணைக்கூட விடலை. மஞ்சள் பேப்பரை அவர் வீட்டுத் தோட்டத்துல பயிர் பண்றார் போல."

நெரிமாவில் ரயில் பாதையை ஒட்டிய அந்தக் கார்ட்டூன் பட ஸ்டுடியோவில் யார் வரைந்தாலும் படம் அனிமேஷன் இயக்குநர் குஜிராயிடம் போகும். பிடிக்காத படத்தின்மேல் மெல்லிய மஞ்சள் தாளை வைத்து, சரியான கோட்டைப் போட்டு அனுப்புவார். வரைந்தவர் அதைப் பார்த்து மறுபடி வரைய வேண்டும்.

குஜிராய்க்கு வயது முப்பத்தொன்று. மசாயோவுக்கு ஐம்பத்திமூன்று. பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்தோடு கீழே வைத்த பென்சிலை மறுபடி எடுத்தவள். மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. இருப்பதா, போவதா என்று அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும்.

உழைப்பில் அவள் குறை வைக்கவில்லை. வாளி நிறைய டோஃபுவோடு ஒரு வாத்து கோயில் படியில் வழுக்கி விழுகிற மாதிரி வரைய வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோ தாழ்வாரத்தில் தானே ஒன்பது தடவை விழுந்து பார்த்தாள். வாத்தின் கோபத்துக்காக வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று முறைத்துப் பழகினாள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் கணவர் இரண்டு வாரமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். அவளும் காரணத்தைச் சொல்லவில்லை.

"வருத்தப்படாதீங்க," என்றார் மிகுரியா. பதினாறு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். "எல்லாருக்கும் இந்தக் கை வந்துடாது. எனக்கு மஞ்சள் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கலரே மறந்துபோச்சு."

"ஒண்ணுகூட வரலையா?"

"ஒண்ணுகூட. கொடுப்பேன், டிவியில வந்துடும். போன வாரம் ஒரு குதிரை ஓடிச்சே, பார்த்தீங்களா? எனக்கே நம்ப முடியலை, இவ்வளவு நல்லாவா வரைஞ்சோம்னு."

மசாயோவும் பார்த்திருந்தாள். அருமையான குதிரை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

போகச் சொல்லும்வரை காத்திருப்பானேன்? கட்டைத் தூக்கிக்கொண்டு குஜிராயின் அறைக்குப் போனாள்.

இயக்குநர் தரையில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின்மேல் காலி வாளி.

"வாங்க ஹட்டோரி சான். வாத்துக்கு வால்தானே முதல்ல தரையில படும்?"

"நான் கிளம்பறேன்."

"சாப்பிடவா?"

"வேலையை விட்டு. முப்பதுக்கு முப்பது மஞ்சள் வாங்கிட்டு எந்த மூஞ்சியோட இங்க உட்கார்றது? பக்கத்துலயே ஒருத்தர், ரெண்டு வருஷமா ஒரு மஞ்சள் கிடையாது."

குஜிராய் எழுந்தார். வாளியை ஓரமாக வைத்தார். எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க படத்துல திருத்தறதுக்கு ஏதோ இருக்கு, திருத்தறேன். உங்களை எடுத்துக்கறதா காலையிலேயே எழுதிக் கொடுத்தாச்சு." குரலை இறக்கினார். "மிகுரியா சான் படத்துல மஞ்சளை எங்க வைக்கறது? மொத்தத்தையும் அலமாரியில போட்டுட்டு, நானே முதல்லேர்ந்து வரைஞ்சுடறேன்."

"அப்ப அந்தக் குதிரை?"

"நான்தான். அவர் கொடுத்த குதிரைக்கு அஞ்சு கால் இருந்துது."

"அவருக்குத் தெரியாதா?"

"எந்த வாயால சொல்றது? குதிரை நல்லா வந்துடுச்சுன்னு ஸ்டுடியோவுக்கே கேக் வாங்கிட்டு வந்தார். நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டேன்."

மசாயோவின் நாக்கு சும்மா இருக்கும் நாக்கு அல்ல. பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கதவிலிருந்து தன் மேஜைக்கு இருபது அடி. அதற்குள் அந்த அஞ்சு காலை வைத்துக் காரமாக நாலு வாக்கியம் தயாராகிவிட்டது.

மிகுரியா எழுந்து நின்று காத்துக்கொண்டிருந்தார். அவளுடைய நாற்காலியில் அவளது குளிர்கோட்டை ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்.

"மனசைத் தளர விடாதீங்க. என்ன சொன்னார்?"

மசாயோ வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இருக்கச் சொல்லிட்டார், மிகுரியா சான். குதிரையை மட்டும் உங்களைக் கேட்டுக் கத்துக்கணுமாம்."