ஆடாத அலமாரி

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. போன தடவை நீங்க மாட்டின அலமாரி என் கால் கட்டைவிரல்லதான் விழுந்துச்சு. நகம் இன்னும் முளைக்கல."

மாமனார் ஒரு பட்டறையில் போர்மேன். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. மருமகன் எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். ஆனால் சொந்தம் என்பதற்காக வேலை கொடுக்கிற ஆள் அல்ல அவர். ஹால் சுவரில் இரும்பு அலமாரி ஒன்றை மாட்டிக் காட்டச் சொன்னார். நின்றால் வேலை, விழுந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

"மாட்டி மூணு நாளாச்சு மாமா. பாருங்க" என்றான்.

கதவோரம் நின்ற மனைவிக்குப் பயமில்லை. அவன் உழைத்ததை அவள் பார்த்திருந்தாள். சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டான். தூசி விழாமலிருக்கக் காகிதக் குவளையை ஒட்டிவிட்டுத்தான் டிரில்லைத் தொட்டான். கடையில் இருந்ததிலேயே நீளமான போல்ட்டாகப் பார்த்து இரண்டு வாங்கி வந்தான். முதல் நாள் அவை லேசாக ஆடின. அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், சுவரே பல்லால் கடித்துப் பிடித்த மாதிரி ஓர் இறுக்கம்.

"சுத்தி சிமெண்ட் அடைச்சேன்ல, பிடிச்சுக்கிச்சு" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். எட்டு மாதத்தில் அவன் சிரித்தது அன்றுதான்.

போர்மேன் அலமாரியை ஒரு கையால் ஆட்டினார். பிறகு இரண்டு கையால். பிறகு முழங்காலை மடக்கி, தொண்ணூறு கிலோ உடம்போடு அதில் தொங்கியே விட்டார்.

"அப்பா, இறங்குங்க! பார்க்க சகிக்கல."

"சும்மா இரும்மா."

முகம் சிவக்கும்வரை தொங்கினார். அலமாரி மயிரிழைகூட அசையவில்லை. மூச்சு வாங்க இறங்கி, மருமகன் தோளில் கை போட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பிடிப்பை நான் பார்த்ததில்ல. உங்களை என்னமோன்னு நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு..."

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, சுவரே அதிருதே, என்னன்னு பார்த்துட்டு வரச் சொன்னார் எங்க வீட்டுக்காரர். உங்க போல்ட்டு ரெண்டும் சுவரைத் தாண்டி எங்க ரூமுக்குள்ள எட்டிப் பார்த்துச்சுல்ல? அவரும் வேலையில்லாம வீட்லதான் இருக்காரா, கை சும்மா இருக்கல. அன்னிக்கு ராத்திரியே வாஷர் வச்சு, நட்டுப் போட்டு முறுக்கிட்டார். சட்டை மாட்ட வசதியா இருக்கு."

போர்மேன் மருமகனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணி... உங்க வீட்டுக்காரருக்குத் தோதுப்படுமாம்மா?"